கடைசிப் புலிக்கு ஒரு கேபிள்

தப்பு கேபிள் மேல்தான் என்று எவரிஸ்தோ ஒரு வியாழக்கிழமை மத்தியானம் தீர்ப்புச் சொல்லிவிட்டார். அப்பீலுக்கு இடமில்லை.

அதற்கு முன்னால் பலரை விசாரித்தாகிவிட்டது. முதலில் ரிக்கார்டு பிளேயரின் ஊசி. புது ஊசி வந்தது, சத்தம் தெளியவில்லை. அடுத்தது ஆம்ப்ளிஃபயர். பிரித்தார், மாட்டினார், இரண்டு திருகாணி மிச்சம் வந்தது, சத்தம் தெளியவில்லை. அப்புறம் மின்சாரம். அதற்கும் அப்புறம் எங்கள் துறைமுக ஊர் பர்ராங்கீயாவின் உப்புக் காற்று. எல்லாரையும் கூண்டில் ஏற்றினார். தலைக்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, நல்ல பிள்ளைகள் போல உட்கார்ந்திருந்த இரண்டு பேரை மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

எவரிஸ்தோவுக்குக் காது போய்க்கொண்டிருந்தது. தெருவில் எல்லாருக்கும் தெரியும். அவரிடமும் சொல்லிப் பார்த்தார்கள். அவர் காதில் விழவில்லை.

போகாமல் என்ன செய்யும்? வேலைக்குப் போன காலமெல்லாம் துறைமுகத்தில் இழுவைப் படகின் எஞ்சின் அறையில் கிடந்த காது. வேலை இல்லாத நாளில் பிக்கோவின் வாயில் தலையைக் கொடுத்த காது. பிக்கோ என்றால் எங்கள் ஊரில் சும்மா ஒரு ஸ்பீக்கர் இல்லை. பீரோ உயரம், கட்டில் அகலம், முகம் முழுக்க இருட்டிலும் பளபளக்கிற பெயிண்டில் ஒரு படம், அதற்கு ஒரு பெயர். எவரிஸ்தோவின் பிக்கோவுக்குப் பெயர் கடைசிப் புலி. சனிக்கிழமை மத்தியானம் புலியைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில், தெருவைப் பார்த்து நிறுத்துவார். அக்கம்பக்கத்தார் ஆளுக்கொரு பிளாஸ்டிக் நாற்காலியோடு வந்து உட்காருவார்கள்.

எதிர்வீட்டு வாசலிலும் ஒன்று நிற்கும். அது சாகாத காளை. அதன் சொந்தக்காரர் கிரிசாந்தோ, எவரிஸ்தோவின் மகளுக்கு ஞானத்தகப்பன். ஞானஸ்நானத் தொட்டியில் பிள்ளையைப் பிடித்தவரை கம்பாத்ரே என்றுதான் கூப்பிட வேண்டும், அவர் பிள்ளையின் அம்மாவைக் கம்மாத்ரே என்பார், கம்பாத்ரேயோடு சண்டை போடக்கூடாது. ஆகவே இரண்டு பேரும் சண்டையை எல்லாம் பாட்டிலேயே போட்டுக்கொண்டார்கள்.

இந்தச் சண்டையில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல்காரர்களைக் கெஞ்சி, கொஞ்சி, குடிக்க வாங்கிக் கொடுத்து ஆப்பிரிக்காவிலிருந்து ஒரு ரிக்கார்டைத் தருவித்தால், முதல் வேலையாக நடுவில் ஒட்டியிருக்கிற லேபிளைச் சுரண்டிவிடுவது. பெயர் தெரிந்தால் எதிரியும் தருவித்துவிடுவானே! பிக்கோக்காரன் எவனும் செய்வதுதான். எவரிஸ்தோ ஒன்று விடாமல் எல்லாவற்றையும் மொட்டை அடித்து வைத்திருந்தார். எது எந்தப் பாட்டு என்று போட்டுக் கேட்டால்தான் தெரியும். கேட்கிற காது இருந்தவரை அதில் ஒரு சிக்கலும் இல்லை.

பாட்டிலிருந்து முதலில் காணாமல் போனது அந்தச் சின்ன மாட்டு மணி. டிங் டிங் என்று தாளத்தின் மேலேறி வருமே, அது. அப்புறம் சுரைக்காய் வாத்தியத்தை உரசுகிற சத்தம் போயிற்று. அப்புறம் பாடகிகள் எல்லாரும் வாயில் எதையோ அடக்கிக்கொண்டு பாட ஆரம்பித்தார்கள். யாரும் பார்க்காத நேரத்தில் எவரிஸ்தோ புலியின் தாடையில் நெற்றியை முட்டிக்கொண்டு நிற்பார். பாவமாக இருக்கும். உலகம் தன்னை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்து போகிறது என்று அவருக்குத் தெரிந்தது. எதனால் என்பதை மட்டும் தெரிந்துகொள்ள மாட்டேன் என்றார்.

வீட்டில் அவர் மனைவி நூரிஸும் அப்படித்தான் ஆகிவிட்டாள். வாய் அசையும், அவ்வளவுதான். அவள் பக்கமிருந்து பார்த்தால் அது இன்னும் மோசம். ஒரு விஷயத்தை ஒரு தரம் சொல்வாள், இன்னொரு தரம் சொல்வாள், மூன்றாவது தரம் கத்துவாள். கத்தினால் "ஏன் எரிஞ்சு விழறே?" என்பார். கொஞ்ச நாளாக அவள் பிரஷர் குக்கரோடுதான் பேசினாள். அதுவாவது பதிலுக்கு விசிலடித்தது. தான் ஒன்று சொன்னால் இந்த மனுஷன் அதற்குத் திரும்ப ஒன்று சொல்ல வேண்டும். நூரிஸுக்கு அதைத் தவிர வேறு ஆசை இல்லை.

சரி, அந்த வியாழக்கிழமைக்கு வருவோம். மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"நூரிஸ்! கேபிள்தான்!"

"கூரைதான்," என்றாள் நூரிஸ். சமையலறையில் புதிதாக ஓரிடத்தில் ஒழுக ஆரம்பித்திருந்தது. அண்டாவை அங்கே நகர்த்திக்கொண்டிருந்தாள்.

"அதைத்தான் நானும் சொல்றேன். ரிக்கார்டு பிளேயர்ல இருந்து ஆம்ப்ளிஃபயருக்குப் போகுதே, அந்தக் கேபிள்!"

"கூரைக்கு வெச்ச பணத்துல கை வெச்சே, உன்னை இந்த அண்டாவுக்குள்ள போட்டு மூடிடுவேன் கிழவா."

"நீ ஒத்துக்குவேன்னு எனக்குத் தெரியும்," என்று நெகிழ்ந்து போனார் எவரிஸ்தோ.

கேபிள் வந்தது. விலையை நான் சொல்லமாட்டேன், சொன்னால் உங்களுக்கு வயிறு எரியும். வெல்வெட் பெட்டிக்குள் சுருண்டு படுத்திருந்தது. உள்ளே சுத்த வெள்ளிக் கம்பியாம். வந்த களைப்புத் தீரும்வரை அதை ஓய்வெடுக்க விடவேண்டும், தரையில் படக்கூடாது என்று கடைக்காரர் சொல்லி அனுப்பியிருந்தார். எவரிஸ்தோ அதைக் கட்டிலில் நூரிஸ் படுக்கிற பக்கம் கிடத்தினார். நூரிஸ் அன்றைக்குக் கூடத்தில் தொங்குகிற தூளியில் படுத்தாள்.

ஓய்வு முடிந்ததும் சவர பிளேடை எடுத்துக் கேபிள் மேல் அச்சடித்திருந்த கம்பெனிப் பெயரைச் சுரண்டினார். ஒரு எழுத்து மிச்சமில்லை. மேலே நுனியிலிருந்து நுனிவரை கறுப்பு டேப் சுற்றினார்.

"எதுக்கு அது?" என்று கையால் கேட்டாள் நூரிஸ்.

"கம்பாத்ரே வந்து எட்டிப் பார்த்தா? பேரைத் தெரிஞ்சுக்கிட்டு நாளைக்கே ஒண்ணு வாங்கிடுவான். இப்ப பாரு, இது வெள்ளியா, துணி காயப்போடற கம்பியான்னு சாமிக்கே தெரியாது!"

இந்த வாக்கியத்தை நூரிஸ் மறக்கவில்லை.

மாட்டினார். பாட்டுப் போட்டார். கண்ணை மூடினார். "மணி! நூரிஸ், மணி வந்துடுச்சு!" அவ்வளவு விலை கொடுத்த மனுஷனுக்குக் கேட்காமல் எப்படி இருக்கும்? முதல் பாட்டில் கேட்டது. இரண்டாவது பாட்டில் கேட்டது மாதிரி இருந்தது. மூன்றாவது பாட்டில் மணி போய்விட்டது. எவரிஸ்தோ கண்ணைத் திறக்காமல் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமைதான் அது நடந்தது.

எங்கள் தெருவுக்கு இன்னும் வடிகால் வரவில்லை. மேட்டுப் பக்கம் மழை பெய்தால் இங்கே தெருவே ஆறாகிவிடும். வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே வரும். கார், மாடு, மனுஷன் என்று பார்க்காது. அதனால் மேலே முதலில் பார்க்கிறவர் "ஆறு வருது!" என்று கத்துவார், அடுத்த வீட்டார் கத்துவார், அப்படியே வரிசையாகத் தெரு முழுக்க இறங்கி வரும். கேட்டவுடனே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வாசற்படி ஏறிவிடுவோம்.

அன்றைக்கும் கத்தினார்கள். நாற்காலிகள் எல்லாம் ஏறிவிட்டன. எவரிஸ்தோ மட்டும் கையை வீசிக்கொண்டு நடுத்தெருவில் கிரிசாந்தோ வீட்டைப் பார்த்து நடந்துகொண்டிருந்தார், புதுக் கேபிளைப் பற்றி நாலு வார்த்தை பீற்றிக்கொள்ள. ஒரு தெருவே அவர் பேரைச் சொல்லி அலறியது. நூரிஸ் தொண்டை கிழியக் கத்தினாள். அவர் திரும்பவில்லை. கிரிசாந்தோ பாய்ந்து வந்து சட்டைக் காலரைப் பிடித்துப் படிமேல் இழுத்துப் போட்டார். யாருடைய ஃபிரிட்ஜோ ஒன்று அவர் நின்ற இடத்தைத் தாண்டி உருண்டு போனது.

"சட்டையை ஏன்யா கிழிச்சே?" என்றார் எவரிஸ்தோ.

"ஆறுய்யா! கத்தினோமே!"

"கத்தினா கேக்காதா? நீங்க எல்லாம் முணுமுணுக்கறீங்க. சத்தம் போட்டுச் சொல்லணும்."

எதிர்ப் படியில் நூரிஸ் உட்கார்ந்துவிட்டாள். அவள் அழவில்லை. அழுதால் அவருக்குக் கேட்கவா போகிறது? தண்ணீர் வடிகிறவரை அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள்.

திங்கட்கிழமை எவரிஸ்தோ முடிவெட்டப் போன நேரமாகப் பார்த்து அவள் கிரிசாந்தோவின் வீட்டுக் கதவைத் தட்டினாள்.

"கம்பாத்ரே, அந்தக் கேபிள் உங்களுக்கு வேணுமா?"

கிரிசாந்தோவுக்கு எச்சில் ஊறியது. "அது என்ன கம்பெனி? பேரு மட்டும் சொல்லிடுங்க, நான் வாங்கிக்கறேன்."

"பேரைச் சுரண்டிட்டாரு."

"அடப்பாவி!"

"அதனால வேணும்னா அதையேதான் வாங்கணும். அவர் கொடுத்த விலைக்கே தர்றேன். ஆனா ஒரு நிபந்தனை. வாயைத் திறக்கக்கூடாது."

"அவனுக்குத் தெரிஞ்சா?"

"தெரியாது. கேக்காது. அதானே விஷயமே." இந்த இடத்தில் மட்டும் அவள் குரல் உடைந்தது. "அவருக்குக் காதுல மாட்டற மிஷின் வாங்கணும் கம்பாத்ரே. அன்னிக்கு நீங்க இல்லேன்னா இந்நேரம் நான் கறுப்புச் சேலை கட்டியிருப்பேன்." கறுப்புச் சேலை என்பது என் வாய்க்கு வந்தது, அவள் சொன்னது கறுப்பு கவுன்.

கிரிசாந்தோ பணத்தை எண்ணாமல் எடுத்துக் கொடுத்தார். மறுநாளே வந்து அவள் காதோடு சொன்னார்: "கம்மாத்ரே, தப்பா நினைக்காதீங்க. என்னோட பழைய கேபிளுக்கும் இதுக்கும் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியலை."

"வெளியில சொல்லாதீங்க. காசைக் கொட்டிட்டுத் தெரியலைன்னா சிரிப்பாங்க."

கிரிசாந்தோ கொஞ்சம் யோசித்தார். "ஆமா... தாளம் கொஞ்சம் அகலமாத்தான் இருக்கு."

புலிக்கு வேறு கேபிள் வேண்டுமே? பழையதை எவரிஸ்தோ அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். வீட்டில் இன்னொன்று இருந்தது. இஸ்திரிப் பெட்டியின் ஒயர். நூரிஸ் அதை வெட்டி எடுத்தாள். முக்கு வீட்டு ரேடியோ மெக்கானிக், ஒரு தட்டு தேங்காய்ச் சோறும் பொரித்த மீனும் வாங்கிக்கொண்டு, நுனிகளில் பழைய பின்களைப் பற்றவைத்துக் கொடுத்தார். அவள் மேலே கறுப்பு டேப்பைச் சுற்றி மாட்டினாள். சாமிக்கே தெரியவில்லை.

ஆனால் இஸ்திரிப் பெட்டியின் ஒயர் இஸ்திரிப் பெட்டிக்கென்று பிறந்தது. வானத்தில் போகிற வருகிறதை எல்லாம் இழுத்துக்கொள்ளும். அடுத்த சனிக்கிழமை புலி வாயைத் திறந்தது. முதல் பாட்டு முடிந்தது. இரண்டாவது தொடங்குவதற்குள், அந்த இடைவெளியில், புலியின் வயிற்றுக்குள்ளிருந்து கணீரென்று ஒரு குரல் வந்தது: "பாவிகளே, இன்னும் எத்தனை காலம் ஆடிக்கொண்டிருப்பீர்கள்?"

ஏதோ ஒரு பிரசங்க ரேடியோ. ஒரு பாஸ்டர் சனிக்கிழமை தோறும் அந்த நேரத்துக்கு முழங்குவார். பாட்டு ஓடும்போது பாட்டுக்கு அடியில் இருப்பார், பாட்டு நின்றால் மேலே வருவார். நடுநடுவே முதுகுவலிக்கு நல்ல மெத்தை விற்கிற விளம்பரமும் வந்தது.

நாற்காலிக்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கையில் பீரோடு இருந்த ஒருவர் அதை மெதுவாக நாற்காலிக்கு அடியில் வைத்தார்.

எவரிஸ்தோ எழுந்து நின்றார். கையை விரித்தார். "கவனிச்சீங்களா? பாட்டுக்கும் பாட்டுக்கும் நடுவுல எப்படி ஒரு அமைதி! ஒரு ஊசி விழுந்தா கேக்கும்! இதுதாங்க கேபிள்!"

"மனம் திரும்புங்கள்!" என்றது புலி.

"இந்த அமைதியைக் காசு கொடுத்துத்தான் வாங்கணும்!" என்றார் எவரிஸ்தோ.

வாரா வாரம் கூட்டம் ஏறியது. பிக்கோ என்றாலே சிலுவை போட்டுக்கொள்கிற அம்மாள்கள் எல்லாம் கையில் விசிறியோடு வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். மூன்றாவது வாரம் ஒருத்தி அழுதாள். எவரிஸ்தோ அவளுக்கு ஒரு டம்ளர் தண்ணீர் கொடுத்து, "நல்ல சத்தம்னா அப்படித்தாம்மா, உள்ளே போய்த் தொடும்," என்றார். எதிர்வீட்டுக் காளை பாடினால் உதட்டைப் பிதுக்கினார். "பாவம் கம்பாத்ரே. கேபிள்ல கஞ்சத்தனம் பண்றான். மட்டமான ஒயர்னு இங்கேயே தெரியுது." கிரிசாந்தோ நாக்கைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கொடுத்த வாக்காயிற்றே.

நிஜத்தில் எவரிஸ்தோவுக்கு அந்த வாரங்களில் எதுவுமே சரியாகக் கேட்கவில்லை. கூட்டம் கலைந்ததும் புலியின் முன்னால் தனியாக உட்கார்ந்திருப்பார். இரண்டு மொட்டை ரிக்கார்டுகளைக் கையில் வைத்துக்கொண்டு எது எது என்று தெரியாமல் மாற்றி மாற்றிப் போடுவார். அந்த வாரங்கள் முழுக்க அவர் போட்டிருந்த சட்டை கசங்கியே இருந்தது. "இஸ்திரிப் பெட்டி ஓடலை," என்று நூரிஸ் சொல்லியிருந்தாள். மழைக்காலத்து ஈரம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்தது காதைச் சோதிக்க வேண்டும். டாக்டரிடம் வா என்றால் வரமாட்டார்.

"கோவில் ஹால்ல ஒரு போட்டி நடக்குது!" என்று நூரிஸ் அவர் காதுக்குப் பக்கத்தில் கத்தினாள். "தெருவுலயே நல்ல காது யாருக்குன்னு பார்க்கறாங்களாம்! கம்பாத்ரே போயிட்டு வந்துட்டார்!"

எவரிஸ்தோ சட்டையை மாட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் நடந்தார்.

வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒரு பெண் அவரை ஒரு கூண்டுக்குள் உட்காரவைத்தாள். காதில் ஹெட்ஃபோன். சத்தம் கேட்டால் பட்டனை அமுக்க வேண்டும். எவரிஸ்தோ சும்மாவே அமுக்கினார். கேட்டாலும் அமுக்கினார், கேட்காவிட்டாலும் அமுக்கினார், போட்டி அல்லவா? அந்தப் பெண் மிஷினை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள். அப்போதும் அமுக்கினார்.

வெளியே வந்ததும் அவள் நூரிஸைத் தனியாக அழைத்துச் சென்று, இன்னொரு நாள் ஒழுங்காகச் சோதிக்கக் கூட்டிவரச் சொன்னாள். எவரிஸ்தோ தள்ளி நின்று பார்த்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் ஒரு வருத்தம். நூரிஸின் முகத்திலும்.

"என்னவாம்?"

"செமிஃபைனலுக்கு வந்துட்டே!" என்று கத்தினாள் நூரிஸ். வேறு என்ன சொல்வாள்?

செமிஃபைனல் நடந்தது. ஃபைனலும் நடந்தது. மிஷின் ஒரு சின்ன டப்பாவில் வந்தது. காதுக்குப் பின்னால் ஒரு அவரை விதை அளவுக்கு ஒன்று, அதிலிருந்து மயிரிழை போல ஒரு ஒயர், நுனியில் காதுக்குள் போக ஒரு குமிழ். நூரிஸ் நகம் தேய்க்கிற அரத்தை எடுத்து அதன் மேல் இருந்த கம்பெனிப் பெயரைத் தேய்த்து எடுத்தாள். சனிக்கிழமை, நாற்காலிகள் வருவதற்கு முன்னால், புலியின் பக்கத்தில் வைத்து அவரிடம் நீட்டினாள்.

"இது செவிடங்க மாட்டறது," என்றார் எவரிஸ்தோ. முகம் கறுத்துவிட்டது.

"இது கேபிள்!" என்று கத்தினாள்.

"காதுல பூ சுத்தாதே நூரிஸ்."

"நீயே சொல்லு. ஊசியில இருந்து ஆம்ப்ளிஃபயருக்குக் கேபிள் போட்டே. அங்கிருந்து பெட்டிக்குக் கேபிள் போட்டே. பெட்டியில இருந்து உன் காது வரைக்கும் என்ன போட்டே?"

எவரிஸ்தோ யோசித்தார். "...ஒண்ணும் போடலை."

"வெறும் காத்து! இந்த ஊரு உப்புக் காத்து! அத்தனை வெள்ளியும் அங்கே வந்து வீணாப் போகுதில்ல? கடைசித் துண்டுக்குத்தான் இந்தக் கேபிள். நம்ம ஊர்ல இதுவரைக்கும் எந்தப் பிக்கோக்காரனும் போட்டதில்லை." அவர் காதோடு குனிந்தாள். "கம்பாத்ரேகிட்ட இல்லை. பேரையும் சுரண்டிட்டேன்."

எவரிஸ்தோ அதை வாங்கித் திருப்பிப் பார்த்தார். ஒரு எழுத்து இல்லை. மனுஷன் அங்கேதான் விழுந்தார். விழ வேண்டும் என்று அவருக்கும் எங்கேயோ ஒரு மூலையில் ஆசை இருந்திருக்கும். தொப்பியைக் காதுவரை இழுத்து மறைத்துக்கொண்டு மாட்டினார்.

முதலில் ஒரு டொக் கேட்டது. அப்புறம் இன்னொரு டொக்.

"அது என்ன?"

"கூரை," என்றாள் நூரிஸ். கத்தாமல் சொன்னாள். அவருக்குக் கேட்டது. "மழை விட்டும் சொட்டுது. நீ கேபிள் வாங்கின நாள்ல இருந்து."

எவரிஸ்தோ அவளைப் பார்த்தார். அவள் குரல் கொஞ்சம் கிழண்டு போயிருந்தது. எப்போது கிழண்டது என்று அவருக்குத் தெரியவில்லை. அவசரமாகப் புலியை வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

கூட்டம் நிறைந்திருந்தது. முதல் பாட்டு ஓடி முடிந்தது.

"பாவிகளே!" என்றது புலி.

எவரிஸ்தோ துள்ளிக் குதித்தார். "யாரது?"

"முதுகுவலியா?" என்று கேட்டது புலி. "இன்றே வாங்குங்கள், எங்கள் மெத்தை!"

முன்வரிசை அம்மாள்கள் பக்தியோடு தலையை ஆட்டினார்கள். எவரிஸ்தோ புலியின் பின்பக்கம் ஓடினார். டேப்பைப் பிய்த்தார். உள்ளே துணி சுற்றிய, பூப்போட்ட ஒயர். இஸ்திரிப் பெட்டியில் அவர் தினம் பார்த்த ஒயர். அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டுக் காளை பாட ஆரம்பித்தது. பாட்டின் மேலே, சுத்தமாக, ஒன்றன்பின் ஒன்றாக, டிங் டிங் டிங்.

மாட்டு மணி. திரும்பி வந்துவிட்டது, எதிரியின் வீட்டிலிருந்து. எவரிஸ்தோ ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் நின்று அழுதார். கேபிள் போனதற்காகவா, மணி வந்ததற்காகவா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது.

"என் கேபிள் எங்கே?"

"கம்பாத்ரேகிட்ட வித்துட்டேன். அந்தப் பணம் உன் காதுல இருக்கு."

"அதே மாதிரி இன்னொண்ணு..."

"பேரு சொல்லு, வாங்கித் தர்றேன்."

எவரிஸ்தோ வாயைத் திறந்தார். இத்தாலிக்காரப் பெயர். நீளமாக இருக்கும். அதற்கு மேல் ஞாபகம் வரவில்லை. திறந்த வாயை மூடினார். காதிலிருந்து மிஷினைப் பிடுங்கி, உள்ளே போய்ச் சாப்பாட்டு மேசைமேல் இருந்த டப்பாவில் போட்டு மூடினார். "இந்தச் செவிட்டு மிஷினை இனி தொடமாட்டேன். இதுல ஒண்ணும் கேக்கவும் இல்லை. நாசமாப் போகட்டும்!" என்று சொல்லிவிட்டுத் தூளியில் போய்ப் படுத்துவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேச்சில்லை. நூரிஸ் கேட்டதற்குப் பதில் இல்லை. அவளுக்கு நெஞ்சே விட்டுப்போயிற்று. இத்தனை பாடுபட்டும் பழைய குக்கர்தான் துணை என்று எழுதியிருக்கிறது போல.

திங்கட்கிழமை காலை எவரிஸ்தோ சமையலறை நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். வீட்டுக்குள்ளேயே தொப்பி போட்டிருந்தார். காது வரைக்கும். நூரிஸ் ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்தாள். மேசைமேல் டப்பா இருந்தது. மூடி கொஞ்சம் திறந்திருந்தது.

அவள் முதுகைக் காட்டிக்கொண்டு திரும்பி நின்றாள். கஞ்சியைக் கிண்டினாள். கொதிக்கிற சத்தத்துக்கும் கீழே, உதட்டுக்குள்ளேயே சொன்னாள்:

"கம்பாத்ரே புலியையே விலைக்குக் கேக்கறார். கூரைக்காச்சும் ஆகும். கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

"புலி மேல கை வெச்சே, நடக்கறதே வேற!" என்று நாற்காலி சாய எழுந்தார் எவரிஸ்தோ.

கரண்டி நின்றது. நூரிஸ் திரும்பவில்லை. கண் நிறைந்துவிட்டது, அதை அவருக்குக் காட்ட வேண்டாம் என்று நின்றாள். எத்தனை காலத்துக்கப்புறம் அவள் சொன்ன ஒன்றுக்கு அந்த வீட்டில் ஒரு பதில் வந்தது!

"கேட்டுச்சா?" என்றாள் அதே மெல்லிய குரலில்.

எவரிஸ்தோ மெதுவாக உட்கார்ந்தார். தொப்பியை இன்னும் கீழே இழுத்தார். "கேக்கலை."

"கேக்காட்டிப் போகுது. புலிக்குப் பழைய கேபிளையே மாட்டிக்கோ. அந்த ஒயரைக் கொண்டுவந்து இஸ்திரிப் பெட்டியில மாட்டு. உன் கசங்கின சட்டை எல்லாம் கூடையில இருக்கு, நீயே தேய்ச்சுக்கோ. இனிமே அது உன் வேலை."

"ஒண்ணுமே கேக்கலை," என்று சொல்லிக்கொண்டே எவரிஸ்தோ எழுந்து ஒயரை அவிழ்க்கப் போனார்.